வயிற்றில் கன்று இருப்பது மடிக்கு எப்படித் தெரியும்?



பென்னாகரம் மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றிலே பல வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. நான் கால்நடை மருந்தகத்தில் வேலையில் இருந்த காலம். ஒரு ஆயா, அறுபது வயசுக்கு மேலே இருக்கும், ஒரு கிடேரியை ஓட்டிக்கொண்டு வந்தார். "டாக்டரய்யா, இது இன்னும் காளைக்கே போகலை. சினை ஊசியும் போடலை. ஆனா மடி இறங்கிக்கிட்டு வருது. சாமி குத்தமா, யாராச்சும் செய்வினை வச்சாங்களான்னு பாருங்க" என்றார். கையை விட்டுச் சோதித்துப் பார்த்தேன். ஏழு மாதச் சினை! "சாமி குத்தம் இல்லை ஆயா. சாமி பேருக்கு விட்ட காளைதான் குத்தம் பண்ணியிருக்கு" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆயாவும் சிரித்தார். ஆனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பும்போது திரும்பி ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள். "வயித்துல கன்னு இருக்கறது எனக்கே தெரியலை. அந்த மடிக்கு மட்டும் யாரு போயிச் சொன்னது?"

"ரத்தத்துல சேதி போகுது ஆயா" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க உலகத்துப் பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கு அறுபது வருஷத்துக்கு மேல் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கதை என்பதற்காக மட்டும் இல்லை. மடியை ஊசி போட்டு வளர்த்துத் தருகிறோம் என்று உங்கள் கட்டுத்தரைக்கு யாராவது வந்தால், அவர் என்ன பேசுகிறார் என்று உங்களுக்குப் புரிய வேண்டும் இல்லீங்களா?

முதலிலே எல்லோரும் நரம்புதான் சேதி சொல்கிறது என்று நினைத்தார்கள். நியாயமான நினைப்புதான். காம்பைத் தொட்டால் பசு சுரப்பு விடுகிறது. தொடுகிற உணர்ச்சி நரம்பு வழியாகத்தானே போகிறது? 1874ஆம் வருஷம் ஜெர்மானிய விஞ்ஞானி கோல்ட்ஸ் என்பவர் ஒரு பெட்டை நாயின் தண்டுவடத்தை இடுப்புப் பக்கம் அறுத்துவிட்டார். பின்பாதிக்கும் மூளைக்கும் தொடர்பே இல்லை. அப்படியும் அந்த நாய் சினையாகிக் குட்டி போட்டது, பாலும் கொடுத்தது. 1898இல் இன்னொரு ஜெர்மானியர், ரிபெர்ட் என்று பெயர், அதைவிட விசித்திரமான வேலை செய்தார். கினிப்பன்றி என்கிற சிறு பிராணியின் பால் சுரப்பித் துண்டை வெட்டி அதன் காதிலே ஒட்ட வைத்தார். அது குட்டி போட்டதும் காதிலே பால் சுரந்தது! காதுக்கும் கருப்பைக்கும் என்ன நரம்பு இருக்கிறது? ரத்தம் ஒன்றுதான் இரண்டு இடத்துக்கும் போகிறது. ஆக, சேதி ரத்தத்தில்தான் போக வேண்டும் என்று தெரிந்தது.

சரி, ரத்தத்தில் அந்தச் சேதியை யார் எழுதிப் போடுகிறார்கள்? 1900ஐ ஒட்டி வியன்னா நகரத்து மருத்துவர்கள் கிநாவர், ஹால்பன் இருவரும் சினைப்பையை எடுத்து உடம்பின் வேறு இடத்தில் ஒட்டிப் பார்த்தார்கள். சினைப்பையை எடுத்துவிட்டால் கருப்பை சுருங்குகிறது. எங்கே ஒட்டினாலும், ஒட்டிக்கொண்டால் போதும், சுருங்குவதில்லை. கினிப்பன்றிக் குட்டிகளில் மடியும் வளர்ந்தது. 1905இல் இங்கிலாந்தில் ஸ்டார்லிங் என்பவர் இப்படி ரத்தத்தில் சேதி கொண்டு போகிற பொருள்களுக்கு ஹார்மோன் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் தூண்டி விடுவது என்று அர்த்தமாம். நம்மவர்கள் ஊக்குநீர் என்றும் எழுதுவார்கள்.

இந்த இடத்தில் ஸ்டார்லிங்கே ஒரு தப்புப் பண்ணினார். 1906இல் அவரும் ஜேனட் லேன்-கிளேபன் என்கிற பெண் விஞ்ஞானியும், முயல் வயிற்றில் இருந்த குட்டிகளை அரைத்துச் சாறெடுத்து, கன்னி முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். மடி கொஞ்சம் வளர்ந்தது. "பார்த்தீர்களா, வயிற்றுக் குட்டிதான் மடிக்குச் சேதி சொல்கிறது" என்று முடிவு கட்டினார்கள். நம்ம ஆயாவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. கன்று தனக்கு வேண்டிய பாலுக்குத் தானே சொல்லி வைக்கிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

அந்த முடிவை உடைத்தவர்கள் பிரான்சு தேசத்து ஆன்செல், புவான் இருவரும். 1911இல் அவர்கள் போட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. முயலுக்கு ஒரு குணம் உண்டு. ஆண் சேர்ந்தால்தான் அதன் முட்டை வெடித்து வெளியே வரும். இவர்கள் ஆண் முயலுக்கு விந்துக் குழாயை மட்டும் துண்டித்துவிட்டார்கள். சேர்க்கை நடந்தது, முட்டை வெடித்தது, கரு மட்டும் தரிக்கவில்லை. வயிற்றிலே குட்டி என்கிற பேச்சே இல்லை. ஆனாலும் மடி வளர்ந்தது! அப்படியானால் சேதி சொன்னது குட்டி இல்லை. முட்டை வெடித்த இடத்திலே சினைப்பையில் ஒரு மஞ்சள் கட்டி உண்டாகிறதே, அதுதான். உங்கள் பசுவுக்கும் ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் அந்தக் கட்டி வருகிறது. சினை நிற்காவிட்டால் அது கரைந்து அடுத்த பருவம் வருகிறது. சினை நின்றால் கட்டியும் கரையாமல் நிற்கிறது. டாக்டர் உள்ளே கை விட்டுத் தடவும்போது அதையும் சேர்த்துத்தான் தேடுகிறார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. 1923இல் அமெரிக்காவில் ஆலன், டாய்சி என்ற இருவரும் கசாப்புக் கூடத்தில் கிடைத்த பன்றிகளின் சினைப்பையிலிருந்து, முட்டை இருக்கிற கொப்புளத்து நீரை எடுத்து ஆராய்ந்தார்கள். பருவ அறிகுறியைக் கொண்டு வருகிற ஹார்மோன் அதில் இருந்தது. அதுதான் ஈஸ்ட்ரோஜன். 1929இல் கார்னரும் இன்னொரு ஆலனும் மஞ்சள் கட்டியிலிருந்து சாறு பிரித்தார்கள். 1934இல் அதிலிருந்த பொருள் சுத்தமாகக் கிடைத்தது. அது புரோஜெஸ்டிரோன். இந்த இரண்டு பெயரையும் நீங்கள் மனப்பாடம் பண்ண வேண்டாம். என்ன வேலை செய்கின்றன என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

நம்ம ஜில்லாவில் மாமரம் தெரியாதவர் இல்லை. மடிக்கு உள்ளே ஒரு மாமரம் தலைகீழாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காம்புதான் அடிமரம். மேலே போகப் போகக் குழாய்கள் கிளை கிளையாகப் பிரிகின்றன. கிளை நுனியில் கொத்துக் கொத்தாகச் சிறு பைகள். அந்தப் பைகளின் சுவரில் இருக்கிற உயிரணுக்கள், அதாவது செல்கள்தான், ரத்தத்திலிருந்து சத்தை எடுத்துப் பாலாக்குகின்றன. கிடேரி பருவத்துக்கு வந்த பிறகு ஒவ்வொரு பருவத்திலும் ஈஸ்ட்ரோஜன் அந்தக் கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட வைக்கிறது. சினை நின்ற பிறகு புரோஜெஸ்டிரோனும் சேர்ந்துகொண்டு காய்க்கொத்தைக் கட்டுகிறது. கிளை ஒன்று, காய் ஒன்று, இரண்டுக்கும் இரண்டு ஆள். 1958இல் லயன்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் எலிகளில் சினைப்பை, சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி மூன்றையும் எடுத்துவிட்டு, ஹார்மோன்களை ஒவ்வொன்றாக ஊசியில் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜன் தனியாக ஒன்றும் கிழிக்கவில்லை. வளர்ச்சி ஹார்மோனும் கூட இருந்தால்தான் கிளை ஓடியது. புரோஜெஸ்டிரோனும் புரோலாக்டினும் சேர்ந்தால்தான் கொத்துக் கட்டியது. ஒரே ஆளால் நடவு நடக்காது என்கிற மாதிரிதான்.

புரோலாக்டின் என்று ஒன்றைச் சொன்னேனே, அது பிட்யூட்டரியிலிருந்து வருவது. அதற்குப் பால் சுரக்க வைக்கும் சக்தி இருக்கிறது என்று 1928இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஸ்ட்ரிக்கர், க்ரூட்டர் என்ற இருவர் முயலில் காட்டினார்கள். அப்படியானால் நிறைமாதத்திலேயே, கொத்தெல்லாம் தயாராக இருக்கும்போது, ஏன் பால் பெருகுவதில்லை? புரோஜெஸ்டிரோன் ஒரு கையால் வளர்த்து, மறு கையால் மடையை அடைத்து வைத்திருக்கிறது. கன்று போடுவதற்கு ஓரிரு நாள் முன்னால் அதன் அளவு சடாரென்று விழுகிறது. மடை திறக்கிறது.

ரத்தம் உடம்பு முழுக்க ஓடுகிறது, அப்படியானால் கொம்பும் குளம்பும் ஏன் ஈஸ்ட்ரோஜனுக்கு வளரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். 1950களின் கடைசியிலிருந்து சிகாகோவில் எல்வுட் ஜென்சன் என்பவர் இதைத் தேடினார். எந்தச் செல்லுக்குள் அந்த ஹார்மோனுக்கு ஏற்ற பூட்டு இருக்கிறதோ அங்கேதான் சாவி நுழையும் என்று கண்டார். 1990களில் அந்தப் பூட்டே இல்லாத சுண்டெலிகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜன் பூட்டு இல்லாத எலியின் மடி பிறந்தபோது இருந்த குருத்தாகவே நின்றுவிட்டது. புரோஜெஸ்டிரோன் பூட்டு இல்லாத எலியில் கிளை ஓடியது, கொத்துக் கட்டவில்லை. ஆக, 1911இல் முயலில் பார்த்த கணக்கு சரிதான்.

இந்தச் சேதி சினைப்பையிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்ப்போருக்கு ஒரு சங்கடம் வந்தது. நல்ல புல்வெளி, கொழுத்த தீவனம், ஆனால் ஆடுகளுக்குச் சினை நிற்கவில்லை. அதோடு போனால் பரவாயில்லை. சினையே இல்லாத பெட்டை ஆடுகளுக்கு மடி இறங்கியது. விதை எடுத்த கிடாக்களுக்குக்கூடக் காம்பு வளர்ந்து பால் வந்தது! 1946இல்தான் காரணத்தை எழுதினார்கள். அந்தப் புல்வெளியில் விதைத்திருந்த ஒரு வகைக் குளோவர் தீவனப் பயிரில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்கிற பொருள் இருந்தது. செடி கொடுத்த கள்ளச்சாவி! மக்காச்சோளத்திலும் இப்படி ஒன்று உண்டு. பூசணம் பிடித்த சோளத்தைத் தின்ற பன்றிக் குட்டிகளுக்கு அறை வீங்கி மடி பெருத்ததை அமெரிக்காவில் 1928இலேயே எழுதி வைத்தார்கள். அந்தப் பூசணம் உண்டாக்கும் நஞ்சுக்குச் சியராலினோன் என்று பிறகு பெயர் வந்தது. மாட்டைவிடப் பன்றிக்குத்தான் அது அதிகம் தாக்கும். இருந்தாலும் மழையில் நனைந்து பூசணம் பூத்த மக்காச்சோளத்தை, கோழிக்கு ஆகாது மாட்டுக்கு ஆகும் என்று கொட்டுகிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். எங்கேயோ ஒரு கிடா பால் கறக்கிறது என்று பத்திரிகையில் படம் வரும்போதும், கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் அதன் ரத்தத்தில் ஹார்மோன் கணக்கு எப்படி மாறியிருக்கிறது என்று யோசியுங்கள்.

நம்ம மாவட்டத்துக்கு வருவோம். ஓசூர் கால்நடைப் பண்ணை 1824இல் ஏற்பட்டது. அப்போது அது சேலம் மாவட்டம். 1965இல் தர்மபுரி மாவட்டம் பிரிந்தபோது நம்மோடு வந்தது. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு போய்விட்டது. நமக்கென்று மிச்சம் இருப்பது ஆலம்பாடி மாடு. ஆலம்பாடி என்கிற ஊரின் பெயரைக் கொண்ட உழவு மாடு. இரண்டு வேளை கறந்தாலும் கொஞ்சம்தான் கறக்கும். அதனால் அதன் ஹார்மோன் மட்டம் என்று அர்த்தம் இல்லை. ஆலம்பாடிப் பசுவின் ஈஸ்ட்ரோஜனும் ஜெர்சிப் பசுவின் ஈஸ்ட்ரோஜனும் ஒரே பொருள்தான். நம் முன்னோர் ஏருக்கும் கவலைக்கும் என்று பொறுக்கி வளர்த்தார்கள், சீமையில் பாலுக்கென்று பொறுக்கி வளர்த்தார்கள். ஒரே சேதியைக் கேட்டு எத்தனை செல் பெருகுவது, எவ்வளவு பால் கட்டுவது என்பது வம்சத்திலே இருக்கிறது. ஊசியால் ஆலம்பாடியை ஜெர்சி ஆக்க முடியாது.

ஆனால் ஊசியால் மடி வளர்க்கப் பார்த்தார்கள் என்பது உண்மை. 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்கிற மலிவான செயற்கைப் பொருளைச் செய்தார்கள். ஸ்டில்பெஸ்ட்ரால் என்று பெயர். உலகப் போர் நடந்தது, இங்கிலாந்தில் பாலுக்குத் தட்டுப்பாடு. ஃபாலி என்கிற ஆராய்ச்சியாளரும் மற்றவர்களும் சினை பிடிக்காத கிடேரிகளுக்கும் வறட்டு மாடுகளுக்கும் இந்த மருந்தைக் கொடுத்தார்கள், வில்லையாகத் தோலுக்கு அடியிலும் வைத்தார்கள். பல மாடுகள் பால் கறந்தன. ஒவ்வொன்று நன்றாகவே கறந்தது. ஆனால் எது கறக்கும், எது ஏமாற்றும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. மாடுகள் ஓயாமல் பருவத்தில் இருப்பது போல ஒன்றன் மேல் ஒன்று தாவின. இடுப்புக் கட்டு தளர்ந்துபோய், சில மாடுகளுக்கு இடுப்பெலும்பே உடைந்தது. 1973இல் அமெரிக்காவில் ஸ்மித், ஷான்பாக்கர் என்பவர்கள் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் சேர்த்து ஏழு நாள் ஊசி போட்டு மாட்டைக் கறவைக்குக் கொண்டு வந்தார்கள். நம் நாட்டிலும் பசுவிலும் எருமையிலும் அந்த முறையைச் செய்து பார்த்தார்கள். அங்கேயும் அதே கதைதான். ஒன்று கறக்கும், ஒன்று பாதி கறக்கும், ஒன்று கறக்கவே கறக்காது. ஒன்பது மாதம் சிறுகச் சிறுகக் கட்டுகிற கொத்தை ஏழு நாளில் கட்டச் சொன்னால் அப்படித்தான் ஆகும்.

அந்த ஸ்டில்பெஸ்ட்ரால் விஷயம் மாட்டோடு நிற்கவில்லை. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிப் பெண்களுக்கும் கொடுத்தார்கள். அவர்கள் பெற்ற பெண்பிள்ளைகளில் சிலருக்கு இளவயதிலேயே அபூர்வமான புற்றுநோய் வந்ததை 1971இல் கண்டுபிடித்தார்கள். மாட்டுத் தீவனத்தில் எடைக்காகச் சேர்ப்பதை அமெரிக்கா 1979இல் தடை செய்தது. உங்கள் பாலைக் குடிப்பது உங்கள் பேரக் குழந்தையும்தான், சொசைட்டியில் வாங்குகிற யாரோ ஒரு தாயும்தான்.

எனக்கு உறவுக்காரர் ஒருவர் கடன் வாங்கி, ஒரு சந்தையில் நிறைமாதச் சினை என்று சொல்லி ஒரு மாடு பிடித்து வந்தார். மடி புடைத்துக்கொண்டு காம்பு நாலும் விறைத்து நின்றது. தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடித்தார், விலை முடிந்தது. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று, கன்றைக் காணோம். சோதித்தால் கருப்பை காலி. ஊசி போட்ட மடியா, கறக்காமல் கட்டி வைத்த மடியா என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மடியைப் பார்த்துப் பணம் கொடுத்தவருக்கு வட்டி மட்டும் தவறாமல் மாதாமாதம் ஈன்றது. இத்தனை நேரம் சொன்ன சரித்திரத்தை ஒரே வரியில் அவருக்குச் சொன்னேன்: மடி சேதியைத்தான் கேட்கிறது, கன்றைப் பார்ப்பதில்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் டாக்டரிடம் சினை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு ஊசி இருக்கிறது, ஆக்சிடோசின். நிறையப் பேர் இதையும் மடி வளர்க்கிற ஊசி என்று நினைக்கிறார்கள். இல்லை. இது ஒரு செல்லையும் பெருக்காது. ஏற்கெனவே பையில் இருக்கிற பாலைப் பிழிந்து கீழே தள்ளும், அவ்வளவுதான். 1910இல் ஆட், ஸ்காட் என்ற இருவர் பிட்யூட்டரியின் பின்பகுதிச் சாற்றை வெள்ளாட்டுக்குக் கொடுத்து இதைக் கண்டார்கள். 1941இல் ஈலி, பீட்டர்சன் இருவரும் கறக்கிற நேரத்தில் பசுவின் முதுகில் பூனையை விட்டுக் காகிதப் பையைப் பட் பட்டென்று வெடித்தார்கள். பசு பயந்து பாலை அடக்கிக்கொண்டது. பிறகு பூனை தேவையில்லை, வெடிச்சத்தமே போதும் என்று பூனையை விட்டுவிட்டார்களாம்! நீங்கள் கறவை நேரத்தில் மாட்டை அடிக்காதே, நாயைக் கிட்ட விடாதே என்று சொல்வது இதனால்தான். கன்று செத்தால் தோலில் வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்துவார்களே நம் பெரியவர்கள், பசு நக்கிக்கொண்டே சுரப்பு விடும். அதுவும் இதே ஆக்சிடோசின்தான், பசுவே சுரப்பது, காசு கிடையாது. வடக்கே பூக்கா என்று பசுவின் அறையில் காற்றை ஊதிப் பால் கறக்கிற கொடுமையான வழக்கம் இருந்தது. 1960இல் வந்த மிருகவதைத் தடைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. 1982இல் திருத்தம் வந்தபோது, பாலுக்காக மாட்டின் உடம்பைக் கெடுக்கிற ஊசிகளையும் அதில் சேர்த்தார்கள். ஆக்சிடோசின் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. பெட்டிக்கடையில் சீசாவில் கிடைக்கிறது என்றால் அதைத் தொடாதீர்கள்.

அப்போ ஊசியே இல்லாமல் மடியை எப்படி வளர்ப்பது? கிடேரிக் கன்றுக்கு மூன்று மாதத்திலிருந்து பருவத்துக்கு வருகிற வரைக்கும் மடி உடம்பைவிட வேகமாக வளர்கிறது. அந்தச் சமயத்தில் செல்லம் என்று தவிடும் பிண்ணாக்கும் கொட்டிக் கொழுக்க வைத்தால் மடியில் கொழுப்பு வந்து உட்காருகிறது. 1960இல் ஸ்வான்சன் என்கிற அமெரிக்கர் ஒரே கருவில் பிறந்த இரட்டைக் கிடேரிகளை எடுத்து, ஒன்றைக் கொழுக்க வைத்தார், மற்றதைச் சாதாரணமாக வளர்த்தார். கொழுத்த அக்காள் பால் குறைவாகத்தான் கறந்தாள். அதற்காகப் பட்டினி போட்டால் பருவமே தள்ளிப் போகும், முதல் ஈத்து வயசாகித்தான் வரும். பசும்புல்லும் புரதமும் அளவாகக் கொடுத்து, எலும்பும் சதையும் ஏறும்படி வளர்க்க வேண்டும். சினையில் கடைசி மூன்று மாதம்தான் கொத்துக் கட்டுகிற காலம். அப்போது அடர்தீவனத்தைக் கூட்டுங்கள். கறவையில் இருக்கிற பசுவுக்குக் கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் கறவையை நிறுத்திவிடுங்கள். பழைய செல் உதிர்ந்து புதுச் செல் வருவதற்கு அந்த அறுபது நாள் வேண்டும். "இன்னும் ரெண்டு லிட்டர் வருதே, எப்படி விடுறது" என்று கறந்துகொண்டே போனால், அடுத்த ஈத்தில் அதற்கு மேல் குறையும்.

பென்னாகரத்து ஆயாவின் கிடேரி இரண்டு மாதம் கழித்துக் காளைக்கன்று போட்டது. ஆயா வெல்லம் போட்டுச் சீம்பால் காய்ச்சி, பேரனிடம் தூக்குப் போசியில் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு சேதியும் வந்தது. அடுத்த தடவை காளையை நம்பப் போவதில்லையாம், சினை ஊசிதானாம், நல்ல ஊசியாக எடுத்து வைக்கச் சொன்னாராம்.